ஷுட்ஸ்ஹுண்ட்: பட்டம் எதை அளக்கிறது?

உழுது போட்ட வயல். ஒரு மணி நேரத்துக்கு முன் முன்பின் அறியாத ஒருவர் அதன் குறுக்கே நடந்து போயிருக்கிறார்: 600 தப்படி, நான்கு திருப்பங்கள், வழியில் நழுவவிட்ட மூன்று சிறு பொருள்கள். இப்போது ஒரு நாய் அந்தக் காலடிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தபடி போக வேண்டும். பத்து மீட்டர் கயிற்றின் மறுமுனையில் அதன் உரிமையாளர் ஏறக்குறைய மௌனமாகப் பின்தொடர்வார். கீழே கிடக்கும் பொருளைக் கண்டதும் நாய் அதைத் தெளிவாகக் காட்டித்தர வேண்டும். தலையைத் தூக்கி அவசரப்பட்டால் மதிப்பெண் குறையும். ஆள்மேல் பாய்ந்து கடிக்கும் நாய்களின் விளையாட்டு என்று பலரும் நினைத்திருக்கும் ஷுட்ஸ்ஹுண்டில், மூன்றாம் நிலைத் தேர்வின் முதல் பகுதி இதுதான்.

இது பிறந்த இடம் ஜெர்மனி. நம் ஊரில் அல்சேஷன் என்று வழங்கிய ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்துக்காக, முன்னாள் குதிரைப்படை அதிகாரி மாக்ஸ் ஃபோன் ஷ்டெஃபானிட்ஸ் 1899-இல் ஒரு சங்கம் தொடங்கினார். அவருடைய ஹோராண்ட் என்ற நாய்தான் அந்த இனத்தின் பதிவேட்டில் முதல் பெயர். வேலை செய்யாத மேய்ப்பு நாயை அவர் மேய்ப்பு நாயாகவே மதிக்கவில்லை. ஆனால் தொழிற்சாலைகள் பெருக, ஆட்டு மந்தைகள் குறைந்தன. நாய்க்குக் காவல்துறையிலும் ராணுவத்திலும் வேலை தேட வேண்டியதாயிற்று. அழகை மட்டும் பார்த்து இனவிருத்தி செய்தால் வேலைக்குணம் அழிந்துவிடும் என்ற கவலையில், எந்த நாயைச் சினைக்கு விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவு செய்யும் சோதனையாகவே ஷுட்ஸ்ஹுண்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவெடுத்தது. பின்னாளில் அது உலக விளையாட்டாக வளர்ந்தது. 2012 முதல் ஐ.பி.ஓ. என்றும், 2019 முதல் ஐ.ஜி.பி. என்றும் பெயர் மாறினாலும், களத்தில் பழகியவர்கள் பலர் இன்றும் பழைய பெயரையே சொல்கிறார்கள்.

தேர்வின் சட்டகம் எளியது. மோப்பத் தடம், கீழ்ப்படிதல், காப்பு என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 70 எடுத்தாக வேண்டும். மோப்பத்தில் 98 எடுத்த நாய் காப்பில் 65 எடுத்தால் பட்டம் இல்லை. இந்த முறையின் மிகப் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. விடாமல் முகரும் பொறுமை, துப்பாக்கி வெடித்தாலும் குலையாத கவனம், மிரட்டும் மனிதனை எதிர்கொள்ளும் துணிவு: மூன்றும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும், தேவைக்கேற்ப ஒன்று அடங்கி மற்றொன்று எழ வேண்டும். மூர்க்கமான நாயோ பயந்த நாயோ இந்த மூன்றையும் ஒருசேரத் தாண்டுவது கடினம்.

கீழ்ப்படிதல் பகுதியில் நாய் கயிறு இல்லாமல் உரிமையாளரின் இடக்காலை ஒட்டி நடக்கிறது. ஆள்கூட்டத்துக்குள் புகுந்து வெளிவருகிறது. ஒரு மீட்டர் தடையைத் தாண்டி மரக்கட்டையை எடுத்து வருகிறது. சாய்சுவரில் ஏறி இறங்குகிறது. அதே மைதானத்தின் ஓரத்தில் இன்னொரு நாய் இவ்வளவையும் பார்த்துக்கொண்டு அசையாமல் படுத்திருக்க வேண்டும். நடுவர்கள் செயலின் துல்லியத்தோடு நாயின் மனநிலையையும் பார்க்கிறார்கள். வாலை இடுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சரியாகச் செய்யும் நாய்க்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்காது. அடித்துப் பழக்குவதற்கு எதிராக விதிகளுக்குள்ளேயே இருக்கும் நல்ல தடுப்பு இது.

பார்வையாளர் கூட்டம் காத்திருப்பது காப்புப் பகுதிக்கு. ‘ஹெல்பர்’ எனப்படும் எதிராளி கையில் சணல் உறை மாட்டி மறைவிடம் ஒன்றில் நிற்கிறார். மூன்றாம் நிலையில் நாய் ஆறு மறைவிடங்களைச் சுற்றித் தேட வேண்டும். ஆளைக் கண்டதும் கடிக்கக் கூடாது. எதிரே நின்று குரைத்து அவரை அங்கேயே நிறுத்த வேண்டும். அவர் ஓட முயன்றாலோ தாக்கினாலோ மட்டுமே கடிக்கலாம். அதுவும் உறையை மட்டும். பிறகு உரிமையாளர் ‘ஆவுஸ்’ என்று ஒரு சொல் சொன்னதும் விட்டுவிட வேண்டும். இரத்தம் கொதிக்கும் கணத்தில் வாயைத் திறக்கவைக்கும் அந்த ஒரு சொல்லில்தான் பயிற்சியின் முழுத் தரமும் தெரிகிறது. எவ்வளவு வேகமாகப் பாய்ந்து எவ்வளவு அழுத்தமாகக் கடித்தாலும், விடச் சொல்லி விடாத நாய் தேர்விலிருந்து வெளியேற்றப்படும்.

இவ்வளவு நேர்த்தியான அமைப்பில் குறை எங்கே நுழைந்தது?

முதல் குறை, வினாத்தாள் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். மறைவிடங்களின் வரிசை, எதிராளி ஓடும் திசை, உறை மாட்டிய கை என எல்லாம் நிலையானவை. நூற்றுக்கணக்கான முறை ஒத்திகை பார்த்த நாய் அடுத்து என்ன வரும் என்று அறிந்தே வேலை செய்கிறது. மோண்டியோரிங் போன்ற வேறு காப்பு விளையாட்டுகளில் எதிராளி முழு உடைக்கவசம் அணிகிறார், சூழலும் போட்டிக்குப் போட்டி மாறுகிறது. அங்கே நாய் புதியதைச் சந்தித்தே ஆக வேண்டும். ஷுட்ஸ்ஹுண்டிலோ பல நாய்களுக்குச் சணல் உறை ஒரு விளையாட்டுப் பொருளாகிவிடுகிறது. ஹெல்பர் அதைக் கழற்றிக் கொடுத்ததும் கவ்விக்கொண்டு மகிழ்ச்சியோடு ஓடுகின்றன. வீட்டில் குழந்தைகளோடு வாழும் நாய்க்கு இது நல்லதுதான், மனிதர்மேல் பகை வளர்வதில்லை. ஆனால் பிறவித் துணிவை அளக்கும் சோதனை என்ற வகையில் கருவி மழுங்கிவிட்டது. திறமையான பயிற்சியாளர் ஒருவர் நடுத்தர நாயையும் பட்டம் பெறவைக்க முடியும். அப்படியானால் சான்றிதழில் பதிவாவது நாயின் மரபணுவா, பயிற்சியாளரின் கைத்திறனா?

இந்தக் கேள்விக்கு ஜெர்மன் ஷெப்பர்டின் உடம்பே சான்று. ஜெர்மன் சங்கத்தில் இனவிருத்தித் தகுதி பெறக் கண்காட்சி நாய்க்கும் வேலைப்பட்டம் வேண்டும். அந்த விதி இத்தனை காலம் இருந்தும், சரிந்த முதுகோடு நடக்கும் கண்காட்சி வம்சம் ஒருபுறமும், கட்டுடலோடு களத்தில் ஓடும் வேலை வம்சம் மறுபுறமுமாக இனம் பிளந்துவிட்டது. தேர்வு ஒன்றுதான், ஆனால் சிலர் அதைக் கடமைக்குத் தாண்டும் தடையாக்கிக்கொண்டார்கள். ஷ்டெஃபானிட்ஸ் அஞ்சியது அவர் உருவாக்கிய முறைக்குள்ளேயே நடந்தேறியது. ஆயினும் பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். வேலைச் சோதனையே இல்லாமல் அழகுக்காக மட்டும் பெருக்கப்பட்ட இனங்களின் கதி நாம் அறிந்ததுதான்.

இரண்டாவது குறை இன்னும் கனமானது: வலி. மதிப்பெண் வேட்கையில் முள் கழுத்துப்பட்டையும் மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையும் பல காலம் இந்தக் களத்தின் சாதாரணக் கருவிகளாக இருந்தன. நெதர்லாந்தில் ஷில்டரும் ஃபான் டெர் போர்கும் காப்புப் பயிற்சி நாய்களைக் கவனித்து 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மின்னதிர்ச்சி பெற்றுப் பழகிய நாய்கள், அதிர்ச்சி எதுவும் தரப்படாத வேளையிலும், மற்ற நாய்களைவிடக் காதைத் தாழ்த்தி அதிக மன அழுத்தம் காட்டின. உரிமையாளர் அருகில் இருப்பதையும் அவர் கட்டளையையுமே அவை வலியோடு சேர்த்துக் கற்றுக்கொள்கின்றன என்பது ஆய்வாளர்களின் முடிவு. நாய்க்கும் உரிமையாளருக்கும் இடையிலான நம்பிக்கையைச் சோதிக்கும் விளையாட்டுக்கு இதைவிடப் பெரிய தோல்வி இருக்க முடியாது. ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006-இல், மின்னதிர்ச்சிப் பட்டையைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது விலங்கு நலச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்று தீர்ப்பளித்தது. 2022 ஜனவரி முதல் முள் பட்டைக்கும் வலிதரும் பிற கருவிகளுக்கும் பயிற்சியில் தடை வந்தது. வலி இல்லாமல் இவ்வளவு வேட்கையுள்ள நாயைக் கட்டுப்படுத்த முடியாது என்று வாதிடுவோர் உண்டு. உணவும் விளையாட்டும் கொண்டே உயர்ந்த பட்டம் பெற்ற நாய்கள் களத்தில் இருக்கும்போது, அந்த வாதம் பயிற்சியாளரின் பொறுமைக் குறைவைத்தான் காட்டுகிறது.

ஆகவே புதிதாக இறங்க விரும்புபவர் நாயை வாங்குவதற்கு முன் ஒரு கிளப்பைத் தேடுவது நல்லது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீரப் பரம்பரைக் குட்டியை வாங்கிவிட்டுப் பிறகு ஆள் தேடுகிறார்கள். குட்டி இல்லாமல் வெறுங்கையோடு போய் சில வாரம் களத்தின் ஓரம் நின்று பார்த்தால் நிறையத் தெரியும். நாய்கள் காரிலிருந்து இறங்கியதும் மைதானத்தை நோக்கி இழுக்கின்றனவா, தயங்குகின்றனவா? கடித்ததை விடக் கற்றுக்கொடுக்கும்போது மாற்றாக இன்னொரு பந்து வருகிறதா, கழுத்துப் பட்டை சுண்டி இழுக்கப்படுகிறதா? ஹெல்பர் யார் என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். பாய்ந்து வரும் நாயின் வேகத்தை வாங்கிச் சுழன்று இறக்கத் தெரியாதவரிடம் நாயின் கழுத்தும் முதுகெலும்பும் ஆபத்தில் இருக்கின்றன. இளநாயை அளவுக்கு மீறி மிரட்டினால் அதன் மனம் உடையும். அந்த உடைவைச் சரிசெய்வது எளிதல்ல.

குட்டிப் பருவத்தில் வேலை மிக எளியது. காலடித் தடங்களில் சிறு உணவுத் துண்டுகளை வைத்தால் மூக்கு தானாகக் கீழே போகும். கயிற்றில் கட்டிய சாக்குத் துணியைத் துரத்திப் பிடிப்பதே முதல் காப்புப் பாடம். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும். அந்த நாட்களில் கடிப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வாய் வலியைக் குட்டி அந்தத் துணியோடு இணைத்துக்கொள்ளும். 15 மாதம் நிறைந்த பின் முதல் படியான துணைநாய்த் தேர்வு வருகிறது. அதில் கடி இல்லை. மைதானத்தில் கீழ்ப்படிதலும், தெருவில் சைக்கிள், ஓட்டக்காரர், பிற நாய்கள் நடுவே அமைதியும்தான் பார்க்கப்படும். முதன்முறை வரும் உரிமையாளருக்கு ஜெர்மனியில் எழுத்துத் தேர்வும் உண்டு. இதில் தேறாத நாய் முதல்நிலைப் பட்டத்துக்கே நிற்க முடியாது. அதற்குக் குறைந்தது 18 மாத வயது ஆக வேண்டும்.

வயது அனுமதித்த உடனே தேர்வுக்கு ஓடும் பழக்கம்தான் பல நல்ல நாய்களைக் கெடுக்கிறது. முதல் பட்டத்துக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆவது சாதாரணம். வாரத்தில் பல நாள் காலையில் வயலில் தடம் போட நேரம் இல்லாதவர், கிளப்பிலிருந்து வெகு தொலைவில் வாழ்பவர், வீட்டுக் காவலுக்கு ஒரு முரட்டு நாய் மட்டும் போதும் என்று எண்ணுபவர் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல. மற்றவர்கள் துணைநாய்த் தேர்வை முதல் இலக்காக வைத்துக்கொண்டு தொடங்கலாம். காப்புப் பகுதிக்குத் தன் நாய் பொருந்துமா என்பது அதற்குள் தெரிந்துவிடும்; பொருந்தாத நாயை மோப்பத் தடத்துக்கு மட்டும் கொண்டுபோகலாம், அதற்கென்றே தனிப் பட்டமும் அனைத்துலக விதிகளில் இருக்கிறது.