வலைப்பயிற்சியில் தீட்சிதர்

ஜவ்வாது மலையடிவாரத்துக் கண்ணமங்கலத்தில் பஸ் ஏறி வேலூர் போய், அங்கிருந்து மேற்கே திரும்பினால் விரிஞ்சிபுரம். மதிலழகுக்குப் பேர்போன ஊர். முத்துசுவாமி தீட்சிதரின் முன்னோர் இந்த ஊர்க்காரர்கள். அப்பா ராமசுவாமி தீட்சிதர் சங்கீதம் படித்தது தெருவழகுத் திருவிடைமருதூரில். மகன் 1775-இல் பிறந்தது தேரழகுத் திருவாரூரில். ஆக, ஜவ்வாது மலையடிவாரத்து ரசிகர்கள் அவரை முழுக்கத் தஞ்சைக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் இத்தனை விதமான களங்களில் பயிற்சி எடுத்தவர் இவர்தான். முதல் பயிற்சியாளர் வீட்டிலேயே இருந்தார். ஹம்சத்வனி ராகத்தைத் தந்தவர், 108 ராகதாள மாலிகை செய்தவர் அந்த அப்பா. ராகங்களை வகைப்படுத்தும் வேங்கடமகியின் மேள முறை அவர் வழியாகவே பிள்ளைக்கு வந்தது.

பிறகு குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலிக்குப் போனது. ஆதரித்த முதலியார் குடும்பத்துக்குச் சென்னைக் கோட்டையில் செல்வாக்கு. அதனால் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு வாத்தியம் இவர்கள் காதிலும் விழுந்தது. தம்பி பாலுசுவாமி வயலினைக் கையில் எடுத்தார். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத வரிகள் போட்டார், அவைதான் நோட்டுஸ்வரங்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ பாடிப் பாருங்கள், இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டு அப்படியே இருக்கும்!

அடுத்த களம் காசி. குரு சிதம்பரநாத யோகி கூட்டிப்போனார். சில ஆண்டுகள் அங்கே இந்துஸ்தானி துருபத் கேட்டார். யாளி முகம் மேல்நோக்கிய வீணை ஒன்று கங்கையில் கிடைத்ததாகச் சொல்வார்கள். அது எப்படியோ, கிருதிகளில் வீணைக்காரரின் கை தெரிகிறது. மீட்டிய ஒலி அடங்குமுன் ஒரு சுரம் அடுத்ததற்குள் இழைந்து போகும்; அவசரமே கிடையாது.

அறிமுக ஆட்டம் திருத்தணியில். முருகன் முதியவராக வந்து வாயில் கற்கண்டு போட்டதாகக் கதை. பிறந்த கிருதி ‘ஸ்ரீ நாதாதி குருகுஹோ’. ராகம் மாயாமாளவகௌளை, அதாவது பாட்டு கற்கும் ஒவ்வொரு குழந்தையும் சரளி வரிசை தொடங்கும் ராகம். பல்லவியில் சுரங்கள் வரிசையாக ஏறி, வரிசையாக இறங்குகின்றன. அத்தனை வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் பந்தை நேர் மட்டையால் ஆடியிருக்கிறார்.

தீட்சிதர் மந்தம் என்று குறைசொல்பவர்கள், சரணத்தின் கடைசியில் வரும் மத்தியமகால ஓட்டத்தைச் சரியாகக் கேட்கவில்லை என்றே தோன்றுகிறது. அந்த விறுவிறுப்பு எடுபடுவதே முன்னால் இருக்கும் விளம்பத்தால்தான். மேடையில் நேரம் போதவில்லை என்று முழுக் கிருதியையும் விரட்டிப் பாடும் வித்வான்கள், வேறு ஒரு உருப்படியைக் குறைத்துக்கொண்டு இதற்குரிய காலத்தை இதற்குக் கொடுக்கலாம்.