இரவுப் பொறுப்பில் ஒரே ஒருவர்

வாரத்துக்கு 168 மணி நேரம். நகர்ப்புற வீடற்றோர் காப்பகம் ஆண்டு முழுக்க, இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. ஐம்பது பேர் தங்கும் காப்பகத்துக்கு ஒரு மேலாளரும், எட்டு மணி நேர ஷிப்டில் மூன்று கேர்டேக்கர்களும் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் ஆளுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு கொடுத்துப் பாருங்கள்: மூவரும் சேர்ந்து வேலை பார்ப்பது 144 மணி நேரம்தான். மிச்சமுள்ள 24 மணி நேரத்துக்குக் காகிதத்திலேயே ஆள் கிடையாது. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் ஊருக்குப் போனார் என்றால் நிலைமை இன்னும் மோசம். அந்த ஓட்டையை அடைக்கப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு வருகிறது. பகலிலாவது மேலாளர் கைகொடுப்பார். இரவில் அந்த உதவியும் இல்லை.

நம் நாட்டில் காப்பகங்கள் எப்படி நடக்கின்றன என்று எடைபோடுபவர்கள் பெரும்பாலும் கட்டடத்தைப் பார்க்கிறார்கள். படுக்கை எத்தனை, கழிப்பறை எத்தனை, சுவரில் வெள்ளையடித்திருக்கிறதா என்பதோடு ஆய்வு முடிந்துவிடுகிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் வருவதும் பகலில். ஆனால் காப்பகத்தின் தரம் தெரிவது இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில்தான். அந்த எட்டு மணி நேரத்தை யார், எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை வைத்தே இந்த ஏற்பாட்டை மதிப்பிட வேண்டும்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடலாம். 2009 டிசம்பர் குளிரில் டெல்லி பூசா சாலை அருகே இருந்த தற்காலிக இரவுத் தங்குமிடத்தை அந்நகர மாநகராட்சி பிரித்துப் போட்டது. வெட்டவெளிக்கு வந்தவர்களில் உயிரிழப்பு நேர்ந்த செய்தி நாளிதழ்களில் வர, டெல்லி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஆணையர்களாக இருந்த என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் 2010 ஜனவரியில் இந்தப் பிரச்சினையை அந்த நீதிமன்றத்தின் முன் வைத்தார்கள். பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் எல்லாப் பருவத்திலும் 24 மணி நேரமும் இயங்கும் காப்பகம் என்ற அளவுகோல் அந்த வழக்கில் உருவானது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது. ஒருவருக்கு 50 சதுர அடி இடம், போர்வை, பூட்டு வைத்த பெட்டி, சமையலறை, முதலுதவி என்று பட்டியல் நீளும். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் வாங்கித் தருவதும் காப்பகத்தின் வேலை. நடைபாதையில் படுப்பவருக்கு ஒரு முகவரி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ரேஷன் கடையில் திருப்பி அனுப்பப்பட்டவருக்குத் தெரியும். குளிர்காலத்தில் மட்டும் முளைத்து மார்ச்சில் மறையும் கூடாரங்களோடு ஒப்பிட்டால் இது உண்மையான முன்னேற்றம்.

சென்னையில் இன்னொரு நல்ல முடிவும் எடுத்திருக்கிறார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு வருபவர்களுக்கென்று தனிக் காப்பகங்கள் இருக்கின்றன. விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ அறுவை சிகிச்சைக்கு வந்த ஒருவரின் மனைவி, பகலெல்லாம் வார்டு வாசலில் நின்றுவிட்டு, இரவில் மருத்துவமனை வளாகத்து மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்துப் படுப்பதுதான் நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. அவரை யாரும் வீடற்றவர் என்று எண்ணியதில்லை. அவருக்கும் அந்த எண்ணம் இல்லை. ஆனால் அந்த இரவில் அவருக்குக் கூரை கிடையாது. இந்தத் தேவையைக் கண்டுகொண்டதில் நகர நிர்வாகத்தின் கண் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

இனி இரவுக்கு வருவோம். ஐம்பது பேர் படுத்திருக்கும் ஆண்கள் காப்பகம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இரவு மணி பதினொன்றரை. மேசை மேல் பதிவேடு: பெயர், வயது, சொந்த ஊர், வந்த நேரம், கையெழுத்து அல்லது கைநாட்டு. போலீஸ் ரோந்து வண்டி ஒரு பெரியவரைக் கொண்டுவந்து இறக்குகிறது. காலில் ஆறாத புண், பேச்சு தெளிவாக இல்லை. அது குடிபோதையா, சர்க்கரை இறங்கியதா, பக்கவாதமா? கேர்டேக்கருக்கு அதைச் சொல்ல மருத்துவப் பயிற்சி கிடையாது. 108க்கு அழைக்கிறார். ஆம்புலன்ஸ் வந்ததும் முதல் கேள்வி: “கூட யார் வர்றீங்க?” அரசு மருத்துவமனைக்குப் போனாலும் இதே கேள்விதான் வரும். ஸ்ட்ரெச்சர் தள்ளவும் மருந்துச் சீட்டோடு ஓடவும் ஒரு ஆள் வேண்டும். கேர்டேக்கர் போனால் உள்ளே ஐம்பது பேருக்குப் பொறுப்பாளர் இல்லை. போகாவிட்டால் பெரியவரோடு துணைக்கு ஆள் இல்லை. பல இடங்களில் தங்கியிருப்பவர்களில் விவரமான ஒருவரை எழுப்பி அனுப்பிவைக்கிறார்கள். அவர் காலையில் சுமை தூக்கப் போக வேண்டியவர். சம்பளமில்லாத அந்த இரவுப் பணியாளரின் பெயர் எந்தக் கணக்கிலும் வராது.

இதில் கேர்டேக்கரைக் குறை சொல்வது அநியாயம். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு ஒருவரை வைத்துவிட்டு, அவர் எதை விட்டுக்கொடுப்பது என்பதையும் அவரிடமே விட்டிருக்கிறோம்.

ஷிப்டு மாறும் நேரம் அடுத்த சிக்கல். இரவில் யாருக்கு வலிப்பு வந்தது, யார் மாத்திரை போடவில்லை, யார் அழுதுகொண்டே இருந்தார், எந்த இருவருக்குள் சண்டை என்பதெல்லாம் காலை ஷிப்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பதிவேட்டில் இருக்கும் கட்டங்களோ தலை எண்ணுவதற்கானவை. “மொத்தம் 47” என்ற எண்ணிக்கை மாநகராட்சிக்குப் போகும். 23ஆம் படுக்கைக்காரர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்ற செய்தி, பணி முடிந்து கிளம்பும் அவசரத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னால் உண்டு. மருத்துவமனை செவிலியர்கள் நோயாளியின் விவரத்தை எழுதி, படித்துக்காட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் பணியை விட்டுப் போகிறார்கள். காப்பகத்துக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். அதற்குச் செலவு என்று பார்த்தால் ஒரு நோட்டும், இரு ஷிப்டும் ஒன்றாக இருக்கும் பதினைந்து நிமிடமும்தான். ஆள் கணக்கை எட்டு எட்டாக வெட்டி வைத்திருப்பதால் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குக்கூட இடமில்லை.

கதவை எப்போது மூடுவது? காப்பகம் நடத்துபவர்களிடையே இதற்கு ஒருமித்த பதில் கிடையாது. பாதுகாப்பு கருதி இரவு ஒன்பது, பத்து மணிக்குப் பூட்டுவதில் நியாயம் இருக்கிறது. குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்பவர் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் தூக்கம் போகும். பெண்கள் காப்பகத்தில் ஆபத்து இன்னும் பெரியது. ஆனால் நகரத்தின் உழைப்பு பத்து மணியோடு முடிவதில்லை. கோயம்பேட்டில் காய்கறி லாரிகள் இரவில்தான் வந்து நிற்கின்றன. கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர் வேலை முடித்துக் கிளம்ப நள்ளிரவு தாண்டும். காசிமேட்டில் மீன் இறக்கப் போகிறவர் விடியுமுன் வெளியே போக வேண்டும். உழைத்துச் சாப்பிடும் இவர்களைத்தான் பூட்டிய கதவு வெளியே நிறுத்துகிறது. பிறகு, “காப்பகத்தில் படுக்கை காலியாக இருக்கிறது, இவர்கள்தான் வர மறுக்கிறார்கள்” என்று பேச்சு எழுகிறது. வாசலில் ஒருவரும் உள்ளே ஒருவருமாக இரவுக்கு இரண்டு பேர் இருந்தால் இந்தப் பூட்டுக்குத் தேவையே குறையும். கட்டுப்பாடு என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி ஆள் பற்றாக்குறைதான்.

பூட்டைப் பற்றிப் பேசும்போது ஏர்வாடியை ஒதுக்கிவைக்க முடியாது. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டத்தில், மனநலம் பாதித்தவர்களைத் தங்கவைத்திருந்த தனியார் விடுதிக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அது அரசுக் காப்பகம் இல்லை. இன்றைய காப்பகங்களில் சங்கிலியும் இல்லை. ஆனாலும், எல்லோரும் உறங்கும் வேளையில் வெளியேற முடியாத மனிதர்களை ஓரிடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு கொடுத்த விலை அது. இரவுச் சாவி யாரிடம், இரண்டாவது வாசல் திறக்கிறதா, நடக்க முடியாதவர்கள் எந்தப் படுக்கையில் இருக்கிறார்கள் என்பதை இரவுப் பணியாளர் ஒவ்வொரு நாளும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தீயணைப்புக் குடுவையைச் சுவரில் மாட்டிவிட்டால் இந்தக் கடமை முடியாது.

மனநலம் பாதித்துத் தெருவில் அலைபவர்களைப் பற்றி 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி அவர்களைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. சென்னைக் காவல்துறை 2021இல் தொடங்கிய ‘காவல் கரங்கள்’, தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து இப்படிப்பட்டவர்களை மீட்கிறது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய ‘தி பேன்யன்’ போன்ற அமைப்புகளுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. எனினும் மனநல மருத்துவர் பகலில் இருப்பார்; மீட்பு எந்நேரத்திலும் நடக்கும். நள்ளிரவில் மீட்கப்பட்டவர் காலை வரை எங்கே இருப்பார் என்ற கேள்விக்குப் பல ஊர்களில் பதில், அருகிலுள்ள பொதுக் காப்பகம். அங்கே இருப்பவர் மீண்டும் அந்த ஒற்றைக் கேர்டேக்கர்.

குடும்பங்களின் கதை வேறு. ஆணுக்கு ஓரிடம், பெண்ணுக்கு ஓரிடம் என்று காப்பகங்களைப் பிரித்தால் கணவன், மனைவி, வளர்ந்த மகன் மூவரும் ஒரே இடத்தில் படுக்க முடியாது. பாரிமுனையிலும் ராயபுரத்திலும் தலைமுறையாக நடைபாதையில் வாழும் குடும்பங்கள் அதற்கு ஒப்பாததில் வியப்பில்லை. இன்னொரு கோடியில் பெரியமேடு கண்ணப்பர் திடல் இருக்கிறது. 2002இல் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் தற்காலிகம் என்று அங்குள்ள மாநகராட்சிக் காப்பகத்துக்கு வந்து, வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தார்கள். குழந்தையாக வந்தவர்கள் அங்கேயே பெற்றோரானார்கள். காப்பகம் வீடாகிவிட்டால் அது காப்பகத்தின் வெற்றி ஆகாது.

பணம்? ஐம்பது பேர் காப்பகத்துக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று மத்தியத் திட்டம் கணக்கிட்டது. மாதம் 50,000. மேலாளர், மூன்று கேர்டேக்கர்கள், துப்புரவு, சலவை, மின்சாரம் எல்லாவற்றுக்கும் அதுதான். அதுவும் தாமதமாக வந்தது என்பது தொண்டு நிறுவனங்களின் தீராத முறையீடு. 2016இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி கைலாஷ் காம்பீர் தலைமையில் குழு அமைத்துக் காப்பகங்களை நேரில் சரிபார்க்கச் சொன்னது. ஒதுக்கிய நிதியே செலவாகாமல் கிடந்தது தெரியவந்தது. கட்டடம் கட்டினால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. இரவுப் பணியாளருக்கு இன்னொரு துணையாள் வைத்தால் விழா எடுக்க முடியாது. நிதி எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

காப்பகமே வேண்டாம், நேரடியாக வீடு கொடுங்கள் என்று சொல்பவர்கள் பின்லாந்தைக் காட்டுவார்கள். ஹெல்சின்கியில் 1985இல் 2,121 ஆக இருந்த காப்பகப் படுக்கைகள் 2016இல் 52 ஆகச் சுருங்கின. அந்த வாதம் வலுவானது; நீண்ட கால இலக்கு அதுவாகத்தான் இருக்க முடியும். ஆனால் அங்கே ரட்சண்ய சேனையின் பழைய தங்குமிடம் தனித்தனிக் குடியிருப்புகளாக மாறிய பிறகும் பணியாளர்கள் இரவும் பகலும் இருக்கிறார்கள். வீடு கொடுத்தாலும் இரவில் கூப்பிட ஆள் வேண்டும் என்பதை அந்த நாடு விட்டுவிடவில்லை. 2011 கணக்கெடுப்பில், பிப்ரவரி 28ஆம் தேதி ஒரே இரவில் எண்ணியபோதே நாட்டில் 17.7 லட்சம் பேர் கூரையின்றி இருந்தார்கள். அதில் 9 லட்சத்துக்கு மேல் நகரங்களில். அத்தனை பேருக்கும் வீடு வரும் வரை காப்பகம் நடந்தாக வேண்டும்.

நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காலம் 2024இல் முடிந்துவிட்டது. அடுத்த திட்டத்தின் விதிகளில் மாநில அரசும் மாநகராட்சிகளும் நான்கு வரிகளைச் சேர்க்கட்டும்: ஒவ்வொரு காப்பகத்திலும் இரவு ஷிப்டுக்கு இருவர், விடுப்புக்குச் சம்பளத்தோடு மாற்றாள் ஒருவர், ஷிப்டு மாறும்போது எழுத்தில் ஒப்படைப்பு, மண்டலத்துக்கு ஒரு செவிலியர் இரவு முழுக்க அழைத்தால் வரும் ஏற்பாடு. கூடவே, காப்பகங்களை ஆய்வு செய்யும் அதிகாரிகளும் மாமன்ற உறுப்பினர்களும் மாதம் ஒரு முறையாவது நள்ளிரவுக்கு மேல் போய்ப் பார்க்கட்டும்.