ஜே.வி.பி. வரலாற்று நூல்கள்: கிழக்கிலிருந்து ஒரு வாசிப்பு

மக்கள் விடுதலை முன்னணி என்ற முழுப் பெயரை நம்மவர்கள் சொல்லிக் கேட்பது அரிது. ஜே.வி.பி. என்பதே வாய்க்குப் பழகிய பெயர். 1971ஐக் கண்ட தலைமுறைக்கோ அவர்கள் 'சேகுவேராக்காரர்'. என் வாப்பா இன்றும் அப்படித்தான் சொல்வார். "அது சேகுவேரா காலத்துல நடந்தது மகன்" என்றால் 1971 என்று நாங்கள் விளங்கிக்கொள்வோம். இரண்டு முறை தடை செய்யப்பட்ட ஒரு மார்க்சியக் கட்சி தமிழில் சொந்தப் பெயரோடு நிலைக்காமல் போனது தற்செயல் அல்ல. அதன் வரலாறும் தமிழில் அப்படித்தான் கிடக்கிறது, துண்டு துண்டாக.

2024 செப்டெம்பரில் அந்தக் கட்சியின் தலைவர் ஜனாதிபதியானார். நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. திருகோணமலை மாவட்டத்தில் நம்மவர்களும் திசைகாட்டிக்குப் புள்ளடி போட்டார்கள். அமைச்சரவை அறிவிக்கப்பட்டபோது அதில் ஒரு முஸ்லிமும் இல்லை. "இதென்ன அநியாயம்" என்ற சத்தம் தேநீர்க் கடை தொடக்கம் ஆசிரியர் ஓய்வறை வரை கேட்டது. எனக்கு அநியாயத்தைவிட ஆச்சரியமே பெரிதாகப் பட்டது. இந்தக் கட்சியின் வரலாற்றைப் படித்திருந்தால் கோபம் வந்திருக்கும், ஆச்சரியம் வந்திருக்காது.

படிக்க என்ன இருக்கிறது? 1971 கிளர்ச்சியைப் பற்றி ஏ.சி. அலஸ் 1976இல் ஒரு நூல் எழுதினார். கிளர்ச்சியாளர்களை விசாரித்த குற்றவியல் நீதி ஆணைக்குழுவில் இருந்த நீதியரசர் அவர். ரொஹான் குணரட்ணவின் நூல் 1990இலும் சந்திரப்பிரேமவின் நூல் 1991இலும் வந்தன. இரண்டாம் கிளர்ச்சியின் இரத்தம் காயாத காலம் அது. மூன்றும் ஆங்கிலத்தில் உள்ளவை, உழைப்புள்ளவை. ஆனால் தெற்கின் சிங்கள இளைஞனும் அவனை வேட்டையாடிய அரசுமே இவற்றின் மையம். கிழக்கு முஸ்லிம் வாசகன் இவற்றில் தன் ஊரைத் தேடினால் ஏமாந்துதான் போவான். லயனல் போபகேயின் வாழ்க்கையை மைக்கல் கொலின் குக் எழுதிய நூல் (2011) வேறுவகை. கட்சியின் பொதுச் செயலாளராக இருந்து, தேசியப் பிரச்சினையில் முரண்பட்டு 1984இல் விலகியவர் போபகே. ஒரு நூலை மட்டும் தமிழில் கொண்டுவர முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கட்சியின் தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொஸ்கோவில் மருத்துவம் படிக்கப்போன ரோஹண விஜேவீர, நா. சண்முகதாசனின் சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, அதிலிருந்து பிரிந்து 1965இல் தன் இயக்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர்களுக்கு நடந்த 'ஐந்து வகுப்புகளில்' ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. மலையகத் தோட்டத் தொழிலாளியை அந்த விஸ்தரிப்பின் கருவியாக அது காட்டியது. கொழுந்து பறிக்கிற பெண் எந்த நாட்டை விஸ்தரித்தாள் என்று அந்த வகுப்பில் யாராவது கையுயர்த்திக் கேட்டார்களோ என்னவோ! 1971 ஏப்ரலில் கிளர்ச்சி, அதைத் தொடர்ந்து தடை. 1977இல் தடை நீங்கி விஜேவீர வெளியே வந்தார். 1982 ஜனாதிபதித் தேர்தலில் 273,428 வாக்குகள் பெற்று மூன்றாம் இடத்துக்கு வந்தார்.

நான் நின்று பேச விரும்புவது 1983இல். ஜூலை 30ஆம் திகதி ஜே.வி.பி., கம்யூனிஸ்ட் கட்சி, நவ சமசமாஜக் கட்சி மூன்றையும் ஜே.ஆர். அரசு தடை செய்தது. தமிழருக்கு எதிரான வன்செயலைத் திட்டமிட்டவர்கள் இவர்கள் என்பது குற்றச்சாட்டு. அது எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. திருகோணமலைக்காரருக்கு நிரூபணம் தேவையும் இல்லை. இங்கே ஜூன் மாதமே வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கிவிட்டன. ஜூலையில் கடற்படையினர் தெருவில் இறங்கினார்கள். கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தவர்களுக்கு அந்த இடாப்பு இந்தக் கட்சிகளின் அலுவலகத்திலிருந்து கிடைக்கவில்லை. ஆக, தமிழரின் இரத்தத்தைக் காட்டி ஒரு பொய்ப் பழி போடப்பட்டது. அதற்குச் சாட்சி சொல்லக் கூடியவர்கள் தமிழ் பேசும் மக்களே. நாமோ நம் துயரத்தை எழுதினோம், அந்தப் பழி பொய் என்பதை விரிவாக எழுதவில்லை. மற்ற இரண்டு கட்சிகளின் தடையும் முன்னதாகவே நீங்கியது. ஜே.வி.பி. 1988 மே வரை காத்திருந்தது.

ஆனால் தடை அநியாயமானது என்பதால் தடைக்குள் நடந்ததெல்லாம் நியாயமாகிவிடாது. கட்சியின் ஆதரவாளர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். தலைமறைவாக இருந்த விஜேவீர தமிழ் ஈழப் போராட்டத்துக்குத் தீர்வு என்ன என்று கேட்டு 1986இல் ஒரு நூல் எழுதினார். தனிநாடு ஏகாதிபத்தியத்தின் சூழ்ச்சி, அதிகாரப் பகிர்வு அதற்கு வழிவிடும் படி, சோஷலிசம் வந்தால் எல்லாரும் சமம் என்பது அதன் சாரம். தமிழருக்கு எதிரான வன்முறையின் பேரில் வீண்பழி சுமந்த ஒரு கட்சி, அந்தத் தமிழரின் கோரிக்கையைக் கேட்கத் தயாராக இல்லை. 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தக் கருத்து துப்பாக்கி ஏந்தியது. மாகாண சபையை ஏற்ற இடதுசாரிகளே அதற்கு இரையானார்கள்.

இந்த இடத்தில் நமக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. வடக்கையும் கிழக்கையும் இணைத்த ஒப்பந்தத்தைப் பற்றி முஸ்லிம்களிடம் யாரும் கேட்கவில்லை. நாமும் அதை எதிர்த்தோம். 1988 மாகாண சபைத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களை எடுத்தது அந்தக் குரலில்தான். பின்னர் 2006இல் மாவிலாற்றில் மூண்ட யுத்தம் மூதூர், ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறை என்று பரவியது. மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி, ஜே.வி.பி.யினர் தொடுத்த வழக்கில் இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. நம்மில் பலர் மகிழ்ந்தார்கள். அந்த வழக்கு நம்முடைய தனித்துவத்துக்காகப் போடப்பட்டது என்று எண்ணியதுதான் வாசிப்புக் குறை. 1986 நூலின் தர்க்கமே அந்த மனுவின் பின்னாலும் இருந்தது. நாடு ஒன்று, மக்கள் ஒன்று, இடையில் சமூகம் என்று ஓர் அரசியல் அலகு கிடையாது. முஸ்லிம் இல்லாத அமைச்சரவைக்கும் இதுவே விளக்கம். அதில் பகை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அளுத்கமையிலும் திகனையிலும் நம்மீது கல்லெறிந்த கூட்டத்தில் இந்தக் கட்சி நிற்கவில்லை, கண்டித்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். சமூகமாக நம்மைத் தாக்காதவர்கள் சமூகமாக நம்மைக் காணவும் இல்லை.

நம் எழுத்தாளர்களோ தேர்தலுக்குத் தேர்தல் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறார்கள்: "கம்யூனிஸ்ட்காரனுக்கு வோட்டுப் போடலாமா?" பதியுதீன் மஹ்மூத் இஸ்லாமிய சோஷலிச முன்னணி அமைத்த நாளிலேயே கேட்டுக் களைத்துப்போன கேள்வி அது. அவர்களின் மார்க்சியத்தில் பேரினம் எவ்வளவு, சமத்துவம் எவ்வளவு என்று நூல்களை வைத்துக் கேட்பவர் குறைவு. கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தது. இன்றுவரை தேர்தல் நடக்கவில்லை. அதிகாரப் பகிர்வை 1986இல் அப்படி எழுதிய கட்சி இன்று அந்தத் தேர்தலை எப்போது வைக்கப்போகிறது, அதிகாரம் எவ்வளவோடு வைக்கப்போகிறது என்று கேட்கப் போகிறவர்கள் முதலில் அந்த நூலைக் கையில் எடுக்கட்டும்.