கொடியுடன் மீண்டவர்

1863 ஜூலை 18ஆம் நாள் மாலை, தென் கரோலினாக் கடற்கரையில் இருந்த வாக்னர் கோட்டையை நோக்கி மசாசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவின் கறுப்பின வீரர்கள் ஏறத்தாழ 600 பேர் மணல்வெளியில் பாய்ந்தனர். கொடி ஏந்தியவர் குண்டுபட்டு வீழ்ந்தார். அக்கொடியைப் பற்றிக்கொண்டு கோட்டையின் மதில்மேடு வரை சென்றவர் வில்லியம் கார்னி. படை பின்வாங்கியபோது, பல காயங்களுடன் கொடியைத் தம் அணியினரிடம் கொண்டுவந்து சேர்த்தவரும் அவரே. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய 'குளோரி' (1989) என்னும் புகழ்பெற்ற திரைப்படம் இத்தாக்குதலில்தான் முடிகிறது. அப்படத்தில் கார்னி இல்லை.

எட்வர்டு சுவிக் இயக்கிய இப்படத்தின் சிறப்புகளை மறுப்பது நம் நோக்கமன்று. பல ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்த ஒரு படைப்பிரிவை உலகறியச் செய்தது இப்படம். ட்ரிப் என்னும் வீரனாக நடித்த டென்சல் வாஷிங்டன் துணை நடிகருக்கான ஆஸ்கார் விருது பெற்றது முற்றிலும் தகும். ஆயினும் ட்ரிப் கற்பனைப் பாத்திரம். கொடியை ஏந்த மாட்டேன் என்று மறுத்தவன், இறுதிப் போரில் அதைத் தூக்கிய கணத்தில் சுடப்பட்டு இறக்கிறான். மறுநாள் புதைகுழியில் அவனுடைய உடல் தளபதி ஷாவின் உடலருகே கிடக்கிறது. நாம் கண்ணீர் விடுகிறோம், கதை நிறைவுற்றுவிடுகிறது.

வரலாற்றில் கதை அங்கே நிறைவுறவில்லை. காயங்களின் காரணமாக 1864இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட கார்னி, நியூ பெட்போர்டு நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தபால்காரராக வீடு வீடாகக் கடிதம் கொடுத்தார். 'மெடல் ஆஃப் ஹானர்' என்னும் மிக உயர்ந்த வீரப்பதக்கம் 1900 மே மாதத்தில்தான் அவருக்கு வழங்கப்பட்டது; செயலுக்கும் சிறப்புக்கும் இடையே 37 ஆண்டுகள். (அப்பதக்கம் பெற்ற முதல் கறுப்பினர் இவரே எனப் பலர் எழுதுகின்றனர். அது சரியன்று. பதக்கத்துக்குரிய செயல்களில் இவருடையது முந்தியது. பதக்கத்தையோ கடற்படையின் ராபர்ட் பிளேக் 1864லேயே பெற்றுவிட்டார்.)

திரைக்கதையில் புனைவுக்கு இடமுண்டு என்பதை ஏற்கிறோம். நம் வினா வேறு: கொடியுடன் உயிரோடு மீண்டவரை விட்டு, கொடியைத் தொட்டதும் இறப்பவனை ஏன் படைக்க வேண்டும்? இறந்தவன் எதையும் கேட்பதில்லை. மீண்டவனுக்கோ ஊதியம் தரவேண்டும், வேலை தரவேண்டும், வாக்களித்ததை நிறைவேற்ற வேண்டும். 13 டாலர் எனக் கூறிச் சேர்க்கப்பட்ட அவ்வீரர்களுக்கு 10 டாலரே தரப்பட்டது. அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். குறைந்த தொகையை ஈடுசெய்ய மாநில அரசே முன்வந்தபோதும் அவர்கள் ஏற்கவில்லை. 1864இல் நாடாளுமன்றம் சம ஊதியம் அளிக்கும்வரை, மாதக்கணக்கில் ஒரு காசும் பெறாமலே போரிட்டனர். படத்தில் இந்த நெடிய மறுப்பு, சீட்டுகளைக் கிழித்தெறியும் ஒரே காட்சியாகச் சுருங்கிவிடுகிறது. அக்காட்சியிலும் இறுதியில் தளபதி தம் சீட்டைக் கிழிப்பதே நம் மனத்தில் நிற்கிறது.

அவ்வீரர்களுள் பெரும்பாலோரைத் தப்பிவந்த அடிமைகளாகக் காட்டியதும் பிழையே. அவர்களில் மிகுதியானோர் வட மாநிலங்களின் சுதந்திரக் குடிமக்கள். அடிமையாகப் பிறந்த கார்னியும் எழுத்தறிவு பெற்றவர். சமய போதகராக விரும்பியவர். இவர்களுக்குப் பின் திரட்டப்பட்ட 55ஆம் பிரிவில் பணியாற்றிய நிக்கோலஸ் சயீத், போர்னு நாட்டின் முஸ்லிம் குடும்பத்தில் முகம்மது அலீ எனப் பிறந்து, அரபு பயின்று, அடிமையாக விற்கப்பட்டு, ரஷ்யா வழியாக அமெரிக்கா அடைந்தவர். 1873இல் தம் வரலாற்றைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டார். இத்தகையோர் நிறைந்த அணிகளைப் பற்றிய படத்தில், கதைசொல்லும் குரல் ஷாவின் கடிதங்களுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. 1861லேயே அப்படையில் ஒழிக்கப்பட்ட கசையடியை ட்ரிப்பின் முதுகில் இறக்கியதும் அக்குரலின் மனப்போராட்டத்தை நமக்குக் காட்டவே.

பாஸ்டன் நகரில் மாநில அரசு மாளிகைக்கு எதிரே 1897இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலும் ஷா குதிரைமேல் வீற்றிருக்கிறார், வீரர்கள் நடக்கின்றனர். வீழ்ந்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் அப்போதே பொறிக்கப்பட்டன. வீழ்ந்த கறுப்பின வீரர்களின் பெயர்கள் 1980களில்தான் சேர்க்கப்பட்டன. திறப்பு விழாவுக்குக் கார்னி வந்திருந்தார். தபால் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், எதிரேயுள்ள அதே மாளிகையில் ஏவலராக வேலை பார்த்தார். அங்கு மின்தூக்கியில் நேர்ந்த விபத்தில் காயமுற்று 1908இல் மறைந்தார்.