அட்டையின் ஓரத்தில் நிற்பவர்கள்

பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளைச் சேர்த்து வைப்பதைப் பொழுதுபோக்கென்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். முதல் அட்டையின் கதை தெரிந்தபிறகு அந்த அலட்சியம் போய்விட்டது.

இங்கிலாந்தில் 1840-ல் பென்னி தபால் வந்தது. கடிதம் மலிவாயிற்று, பண்டிகைக்குப் பதில் எழுதவேண்டிய சுமையும் கூடிற்று. லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கோ தலைக்குமேல் வேலை. 1843-ல் அவர் சித்திரக்காரர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியை ஒரு படம் போடச் சொன்னார். கல்லச்சில் சுமார் ஆயிரம் பிரதிகள் அடித்துக் கையால் வர்ணம் தீட்டினார்கள். பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் இடம் விட்டிருந்தது. விலை ஒரு ஷில்லிங்.

படத்தின் நடுவே ஒரு குடும்பம் மதுக்கிண்ணங்களோடு களிக்கிறது, குழந்தையும் பருகுகிறது. இரு ஓரங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்குகிறார்கள். குழந்தைக்கு மதுவா என்று மதுவிலக்குக்காரர்கள் சீறினார்கள். என் மனக்குறை வேறு. ஏழை ஏன் ஓரத்தில் நிற்கிறான்?

அதே வருஷம் டிசம்பரில், அதே லண்டனில், டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' வெளிவந்தது. விலை ஐந்து ஷில்லிங். அதிலே ஏழைக் குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் வீட்டு விருந்து கதையின் நடுவிலேயே இருக்கிறது. ஊன்றுகோலோடு நடக்கும் டைனி டிம்மை வாசகன் மறப்பதில்லை. ஹார்ஸ்லி தர்மத்தை வரைந்தார். டிக்கன்ஸ் தர்மம் வேண்டி நிற்பவனுக்குப் பெயர் கொடுத்தார். அலங்காரத்துக்கும் கலைக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான்.

அப்படியானால் அட்டைக்கு மதிப்பே இல்லையா? உண்டு. மான்செஸ்டர் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தில் லாரா செட்டன் சேகரித்த அட்டைகள் மட்டும் சுமார் 32,000. ராணி மேரியின் தொகுப்பு பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கிறது. செத்த குருவியின் படம் போட்ட விசித்திர வாழ்த்துக்களையும் விக்டோரியா காலத்தார் அனுப்பியிருக்கிறார்கள். ரசனை மாறும், அதற்குச் சாட்சியாகவாவது இவை வேண்டும்.

ஆனால் 2001-ல் இருபதாயிரம் பவுனுக்குமேல் ஏலம் போன முதல் அட்டைப் பிரதி எது தெரியுமா? கோல் தம் பாட்டிக்கு அனுப்பியது. எழுத்துப் படாத சுத்தமான அட்டையையே தேடும் சேகரிப்பாளர்கள் உண்டு. நான் மை மங்கிய அட்டையைத்தான் எடுப்பேன். படம் ஆயிரம் பேருக்குப் பொது. அந்தப் பெயரோ ஒருவர் இன்னொருவரை நினைத்து எழுதியது. ஓரத்து ஏழைக்குச் சித்திரக்காரர் கொடுக்க மறந்ததும் அந்தப் பெயரைத்தானே!