முட்டுச்சந்தா, முட்டுக்கட்டையா?

பேச்சுவார்த்தையில் 'இம்பாஸ்' என்று ஆங்கிலச் செய்தி வந்தால், தமிழில் சட்டென்று 'முட்டுக்கட்டை' என்று போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று நொச்சிக்குப்பத்தை நினைத்தால்தான் புரிகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பிரெஞ்சில் 'பாஸே' என்றால் கடந்து போவது. முன்னால் நிற்கும் 'இம்' அதை மறுக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்காக வாதாடியவர் வால்டேர். அதற்கு முன் அடைபட்ட தெருவுக்கு 'குல் த சாக்' என்று பேர். மூட்டையின் அடி என்று பொருள், ஆனால் 'குல்' என்றால் பிட்டம். ஒரு தெருவுக்கு இப்படியா பேர் வைப்பது என்று அவருக்கு எரிச்சல். இன்றும் பாரிஸில் தெருப் பலகைகளில் 'இம்பாஸ்' இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதை வாங்கிப் பேச்சுவார்த்தை மேசைக்கு அனுப்பியது. தெருவுக்கு மட்டும் வால்டேர் வெறுத்த பழைய பேரையே வைத்துக்கொண்டது!

ஆக, இம்பாஸ் என்பது நம்ம ஊர் முட்டுச்சந்துதான். முட்டுச்சந்தில் குற்றவாளி கிடையாது. வழி அங்கே முடிகிறது, அவ்வளவுதான். முட்டுக்கட்டை அப்படியில்லை, அதை யாரோ ஒருவர் போட வேண்டும். அந்தச் சொல்லை எழுதும்போதே ஒரு ஆளைக் கை காட்டிவிடுகிறோம்.

2023 ஏப்ரலில், கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் போகும் லூப் சாலையின் மீன்கடைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகுகளைக் குறுக்கே போட்டுச் சாலையை மறித்தார்கள். போக்குவரத்துக்கு யார் முட்டுக்கட்டை? காரில் போகிறவரைக் கேட்டால் மீன் விற்கும் அக்காவைக் காட்டுவார். அந்த அக்காவைக் கேளுங்கள்: "ரோடு வர்றதுக்கு முன்னாடியே நாங்க இங்கதான் இருக்கோம்." குப்பம் பழையது, சாலை புதிது. அவர்கள் பிழைப்பு நடக்கும் கரையில்தான் சாலை வந்து முட்டியது.

இவ்வளவு சொன்ன பிறகும் 'முட்டுக்கட்டை'யை முழுசாகத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பக்கத்திலேயே மயிலாப்பூர். பங்குனியில் கபாலீஸ்வரர் தேர் மாட வீதி முனைக்கு வரும்போது, சக்கரத்தடியில் கட்டை போடுகிற ஆட்களைக் கவனித்திருக்கிறீர்களா? தேரை நிறுத்துவது மட்டும் அவர்கள் வேலையில்லை, திருப்புவதும் அவர்கள்தான். கட்டை விழாவிட்டால் தேர் நேராக வீட்டுக்குள் போய்விடும்.

2024 ஆகஸ்டில் அதே லூப் சாலையில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. எல்லாக் கணக்கும் அதோடு தீர்ந்தது என்று நான் முட்டுக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் அடுத்த முறை 'இம்பாஸ்' வந்தால் இரண்டு நிமிஷம் யோசிப்பேன். வழியே இல்லையென்றால் முட்டுச்சந்து என்று எழுதுவேன். முட்டுக்கட்டை என்று எழுத வேண்டி வந்தால், சக்கரம் யார் வீட்டைப் பார்த்து உருண்டுகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுவேன்.