உத்தம் இல்லாத மூன்று படங்கள்

வங்காள நடிகை சுசித்ரா சென்னின் பெயரைச் சொன்னதும் இரண்டு கதைகள் முந்திக்கொண்டு வரும். ஒன்று, உத்தம் குமாருடன் அவர் ஜோடி சேர்ந்த முப்பது படங்கள். மற்றொன்று, 1978இல் ‘பிரணய் பாஷா’ வெளிவந்த பிறகு வீட்டுக்குள் ஒதுங்கியவர், 2014 ஜனவரி 17இல் கொல்கத்தாவில் காலமாகும்வரை பொதுமேடை பக்கமே தலைகாட்டவில்லை என்பது. தாதாசாகேப் பால்கே விருதைக்கூட, டெல்லிக்குப் போய் வாங்க வேண்டியிருக்கும் என்பதால் அவர் ஏற்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஒதுக்கத்தைப் பேசிப் பேசியே நடிப்பைப் பேசாமல் விட்டுவிட்டோம் என்பது என் ஆதங்கம்.

அவரது நடிப்பின் உச்சம் என்று நான் கருதும் மூன்று படங்களிலும் உத்தம் கதாநாயகன் இல்லை. ‘தீப் ஜ்வேலே ஜாய்’ (1959), ‘சாத் பாகே பாந்தா’ (1963), ‘உத்தர் ஃபால்குனி’ (1963). மூன்றும் வேறு வேறு மொழிகளுக்குப் போயின. மூன்றும் தெற்கே வந்தன. சாவித்திரி, பானுமதி, சௌகார் ஜானகி, சுஜாதா, வஹீதா ரஹ்மான், ஜெயா பாதுரி என்று தேர்ந்த நடிகைகள் அவர் செய்த பாத்திரங்களைத் தாங்களும் செய்தார்கள்.

இயற்பெயர் ரமா தாஸ்குப்தா. 1931இல் இன்றைய வங்கதேசத்தின் பாப்னா பகுதியில் பிறந்தார். 1947இல் கொல்கத்தாத் தொழிலதிபர் வீட்டு மகன் திபாநாத் சென்னுடன் திருமணம். திருமணமான பிறகே சினிமாவுக்கு வந்தார். 1952இல் நடித்த முதல் படம் திரைக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு நிர்மல் தேயின் நகைச்சுவைப் படமான ‘ஷாரே சுயாத்தர்’ உத்தமையும் அவரையும் முதன்முதலாகச் சேர்த்து வைத்தது. மெஸ் ஒன்றில் நடக்கும் அந்தக் கதையில் துளசி சக்ரவர்த்தியும் மலினா தேவியும்தான் படத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்; இளஞ்ஜோடி ஓரமாக வந்து போகிறது. 1954இல் ‘அக்னி பரீட்சா’ பெருவெற்றி பெற்றதும் நிலைமை தலைகீழானது. அந்தக் கதைதான் தமிழில் ‘மஞ்சள் மகிமை’ ஆயிற்று.

பிரிவினை முடிந்து பத்தாண்டுகூட ஆகாத வங்காளம் அது. அகதிகளாக வந்த குடும்பங்கள், வேலைக்குக் கிளம்பிய பெண்கள், வாடகை வீடுகள். அந்த மக்களுக்கு உத்தமும் சுசித்ராவும் காட்டிய காதல் பெரிய ஆறுதல். ஹேமந்த முகர்ஜியும் சந்தியா முகர்ஜியும் பாட, ‘சப்தபதி’யில் (1961) இருவரும் மோட்டார் சைக்கிளில் போகும் காட்சியை வங்காளிகள் இன்றும் கொண்டாடுகிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தப் படங்கள் பலவற்றில் சுசித்ராவின் வேலை குறுகியது: தலையைச் சற்றுச் சாய்ப்பார், சொற்களை இழுத்து நிறுத்திப் பேசுவார், கேமரா நெருங்கி வந்து நிற்கும். பாவனை மிகுந்த நடிப்பு என்ற விமர்சனம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அதில் நியாயமும் இருக்கிறது.

அந்தக் காதல் படங்களுக்குள்ளேயே அஜய் கர் இயக்கிய ‘ஹாரானோ சுர்’ (1957) வேறு பக்கம் திரும்பியது. சுசித்ரா அதில் மருத்துவர். நினைவிழந்த நோயாளியைக் குணப்படுத்தி மணக்கிறார். பழைய நினைவு திரும்பிய கணவனுக்கு மனைவியை மறந்துபோகிறது. அவன் வீட்டுக்கே குழந்தைக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியையாகப் போய், சொந்தக் கணவன் முன்னால் அந்நியப் பெண்ணாக நிற்கிறார். வாய் ஒன்று சொல்ல, முகம் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். சுசித்ராவுக்கு இயல்பாக வாய்த்த திறமை இதுதான். அந்த மூன்று படங்களும் இதையே மூலதனமாகக் கொண்டவை.

அசித் சென் இயக்கிய ‘தீப் ஜ்வேலே ஜாய்’ இதன் எல்லைக்கே போனது. ஆஷுதோஷ் முகோபாத்யாயின் கதை. மனநல மருத்துவமனையில் ராதா மித்ரா என்ற செவிலி. காதலில் தோற்று மனம் பேதலித்தவர்களிடம் அன்பு காட்டுவதுபோல் நடித்து அவர்களை மீட்க வேண்டும் என்பது பெரிய டாக்டரின் சிகிச்சை முறை. முன்பே ஒரு நோயாளியிடம் அப்படி நடிக்கப் போய் மனத்தைப் பறிகொடுத்தவள் ராதா. அவன் குணமாகிப் போய்விட்டான். இப்போது இன்னொருவன். டாக்டருக்குச் சோதனை வெற்றி. கடைசியில் அவளே அந்த மருத்துவமனையின் நோயாளி.

இந்தப் பாத்திரத்தை அழுது புலம்பி நடித்திருந்தால் படம் விழுந்திருக்கும். சுசித்ரா அடக்கி வாசிக்கிறார். பாதி முகம் இருட்டில் கிடக்கும் நெருக்கக் காட்சிகளில் கண்ணைத் தாழ்த்துவதும், பதில் சொல்லக் கொஞ்சம் பிந்துவதும்தான் அவர் செய்வது. நோயாளிக்கு முன் அவள் காட்டும் கனிவில் எது கடமை, எது ஆசை என்று நமக்குப் பிடிபடுவதில்லை. அவளுக்கே பிடிபடவில்லை என்பதுதான் கதை. தான் ஒருபோதும் நடிக்கவில்லை என்று இறுதியில் அவள் சொல்லும்போது டாக்டரோடு சேர்ந்து நாமும் குற்றவாளிகளாகிறோம். மறு ஆண்டே தெலுங்கில் ‘சிவரகு மிகிலேதி’யில் சாவித்திரி இந்தச் செவிலி ஆனார். பத்தாண்டு கழித்து அசித் சென்னே வஹீதாவை வைத்து இந்தியில் ‘காமோஷி’ எடுத்தார்.

அஜய் கரின் ‘சாத் பாகே பாந்தா’வில் எதிரில் சௌமித்ர சட்டர்ஜி. வசதியான வீட்டுப் பெண், சுயமரியாதை மிக்க கல்லூரி ஆசிரியர், மகளின் குடித்தனத்தில் ஓயாமல் கைவைக்கும் தாய். வில்லன் என்று எவரையும் சுட்ட முடியாது. மணவாழ்க்கை சிறுகச் சிறுக உடைகிறது. அடக்கி அடக்கி வைத்த கோபம் ஒரு கட்டத்தில் கணவனின் ஜிப்பாவைப் பிடித்துக் கிழிப்பதில் வெடிக்கிறது. அன்றைய நாயகிகளில் எத்தனை பேர் அந்த மூர்க்கத்துக்குத் துணிந்திருப்பார்கள்? அந்த ஆண்டு மாஸ்கோ திரைப்பட விழா அவரைச் சிறந்த நடிகையாகத் தேர்ந்தெடுத்தது. தெலுங்கில் பானுமதியின் ‘விவாக பந்தம்’ (1964), இந்தியில் ஜெயா பாதுரியின் ‘கோரா காகஸ்’ (1974), தமிழில் சுஜாதாவின் ‘லலிதா’ (1976) எல்லாம் இதன் வழி வந்தவை.

தமிழ் வாசகர் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ‘உத்தர் ஃபால்குனி’. நீஹார் ரஞ்சன் குப்தாவின் கதை, அசித் சென் இயக்கம். உத்தம் குமார் திரையில் இல்லை. ஆனால் தயாரிப்பாளர் அவரே. ஜோடி நடிகருக்குத் திரையில் இடமில்லாத கதைக்கு அவரே பணம் போட்டது அவர்களுக்கிடையே இருந்த தொழில் மரியாதையைக் காட்டுகிறது. குடிகாரக் கணவனிடமிருந்து தப்பி பன்னாபாய் என்ற பெயரில் ஆடிப் பாடிப் பிழைக்கும் தேவயானி, தாயின் வாழ்க்கை தெரியாமல் வளர்ந்து வழக்கறிஞராகும் மகள் சுபர்ணா: இரண்டும் சுசித்ராதான். இரட்டை வேடம் என்றால் ஒப்பனையும் உடையும் வேறுபடுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இவரிடம் நடை மாறுகிறது, மூச்சு மாறுகிறது. மகள் நேராகப் பார்த்துப் பேசுகிறாள். தாயோ எந்த அறைக்குள் நுழைந்தாலும் வெளியேறும் வழியையும் பார்த்து வைப்பவள்போல் நிற்கிறாள். இந்தி ‘மம்தா’விலும் (1966) அவரே இரு வேடங்களையும் செய்தார்; ஆனால் வங்காளியில் இருந்த லாகவம் அந்த மொழியில் அவ்வளவாகக் கூடவில்லை என்பது என் எண்ணம்.

1970இல் கே. பாலசந்தர் இயக்கத்தில் அது ‘காவியத் தலைவி’ ஆனது. தயாரித்ததும் இரு வேடங்களில் நடித்ததும் சௌகார் ஜானகி. அவரும் 1931இல் பிறந்தவர், மணமான பிறகு சினிமாவுக்கு வந்தவர். ஜெமினி கணேசனுக்குக் காத்திருக்கும் காதலர் வேடம். பாலசந்தர் வசனத்தை நம்புகிறவர். சௌகார் அந்த வசனத்தைத் தொண்டை கமறச் சொல்லி நம்மை அழ வைக்கிறார். சுசித்ரா அதே இடங்களில் பேச்சைக் குறைத்து முகத்தைக் கொடுக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் யார் சிறந்தவர் என்று கேட்கத் தோன்றாது. ஒரே தாய்க்குத் தமிழில் குரலும் வங்காளியில் மௌனமும் எப்படி அமைந்தன என்பதை அருகருகே வைத்துப் படிக்கலாம். நம் திரைப்படச் சங்கங்கள் ஒரே நாளில் இந்த இரு படங்களையும் திரையிட்டால் நான் முதல் வரிசையில் இருப்பேன்.